அதிமதுரமும் நொதியின் கைவண்ணமும்

சித்த மருத்துவர் அதிமதுரம் என்றும், யூனானி ஹகீம் அஸ்லுஸ் ஸூஸ் என்றும் குறிப்பிடும் வேர் ஒன்றே. எகிப்திலும் சிரியாவிலும் ரமலான் மாதத்து இஃப்தாரில் இவ்வேரின் சாறு விரும்பிப் பருகப்படுகிறது. இருமல் கண்டபோது இதன் துண்டொன்றை வாயில் அடக்கிக்கொள்வதை நம் இல்லத்து முதியோர் நன்கறிவர். அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது, அதனை மாற்றியமைக்க இயலுமா என்பனவற்றையே ஈண்டு நாம் காணப் புகுகிறோம்.

இனிப்பைத் தருவது கிளைசிரைசின் என்னும் சேர்மம். அதன் மூலக்கூற்றை ஒரு பதக்கமாகவும், அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட இரு மணிகளாகவும் எண்ணிக்கொள்ளலாம். பதக்கம் கிளைசிரெட்டினிக் அமிலம். மணிகள், சர்க்கரை இனத்தைச் சார்ந்த குளுகுரோனிக் அமிலத்தின் இரு அலகுகள். இரண்டு மணிகளையும் களைந்தால் இனிப்பும் உடன் போய்விடும். ஆனால் கடைசி மணியை மட்டும் களைந்தால் விளைவு வியப்பானது. ஜப்பானிய ஆய்வாளர் 1994 இல் வெளியிட்ட அளவீட்டின்படி, கிளைசிரைசின் சர்க்கரையைப்போல் 170 மடங்கு இனிப்புடையது. ஒற்றை மணியுடன் எஞ்சி நிற்கும் சேர்மமோ 941 மடங்கு இனிப்புடையது!

அமிலமிட்டுக் கொதிக்கவைத்து இதனைச் செய்யலாகாதா என மாணவர் வினவக்கூடும். அமிலத்திற்கு முதல் மணி, கடைசி மணி என்ற பாகுபாடு தெரியாது. ஒன்றோடு நிறுத்துவது அரிது. நொதியோ, தனக்குரிய பிணைப்பை மட்டுமே நாடும் புரதம். பூட்டுக்கு ஏற்ற சாவி என 1894 இல் எமில் ஃபிஷர் கூறிய உவமை இன்றும் வகுப்பறையில் வழங்குகிறது. ஒருவகை ஈஸ்டிலிருந்து பெறும் நொதி, வெதுவெதுப்பான நீரிலேயே, கடைசி மணியை மட்டும் கத்தரித்து விடுகிறது.

வெட்டுவது மட்டுமன்று, ஒட்டுவதும் நொதியின் தொழிலே. சீனித்துளசியின் இனிப்புப் பொருளாகிய ஸ்டீவியோசைடு நாவில் பின்கசப்பை விட்டுச் செல்லும். மாவுப்பொருளிலிருந்து குளுக்கோஸ் அலகுகளை எடுத்து அதனுடன் சேர்க்கும் நொதி ஒன்று, அக்கசப்பைப் பெரிதும் தணித்துவிடுகிறது. நீரில் எளிதில் கரையாத ரூட்டின் என்னும் தாவரப் பொருளில் முதலில் ஒரு சர்க்கரையை ஒரு நொதியால் நீக்கி, பின்னர் வேறொரு நொதியால் குளுக்கோசைச் சேர்த்து, நன்கு கரையும் பொருளாக்குவதும் இம்முறையே. கசப்பும் கரையாமையும் மருந்துப் பொருள்களின் பழைய நோய்கள் எனலாம்.

இனி முதியோர் கருத்தூன்ற வேண்டிய செய்தி. நொதிகள் ஆய்வுக்கூடத்துக்கே உரியன அல்ல. நம் குடலில் வாழும் நுண்ணுயிர்களும் கிளைசிரைசினின் இரு மணிகளையும் களைந்து, வெறும் பதக்கத்தைக் குருதியில் கலக்கவிடுகின்றன. அப்பொருள் சிறுநீரகத்திலுள்ள வேறொரு நொதியை முடக்குகிறது. கார்ட்டிசால் என்னும் சுரப்பைச் செயலிழக்கச் செய்து, உப்பின் சமநிலையைக் காத்துவருவது அந்நொதியே. காவலன் முடங்கியதும் உடலில் உப்பும் நீரும் தேங்குகின்றன, பொட்டாசியம் குறைகிறது, குருதி அழுத்தம் உயர்கிறது. ஒரு நொதி வெட்டித் தந்த பொருளே மற்றொரு நொதிக்கு விலங்காக அமைகின்ற விந்தை இது.

இருமலுக்கு இரண்டொரு நாள் சுவைப்பது வேறு. மூலிகைதானே என்ற துணிவில் நாள்தோறும் மாதக்கணக்கில் உண்பது வேறு. குருதி அழுத்த நோயுடையோர், இருதய நோயுடையோர், கருவுற்ற தாய்மார் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடர்ந்து கொள்ளலாகாது. 2003 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு, தொடர்ந்து உண்போர்க்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினையே மேல்வரம்பாகக் குறித்தது. நொதியால் மாற்றிய சேர்மத்திற்கோ அந்த வரம்பும் பொருந்தாது. வேரைப் பற்றிய முன்னோரின் நெடிய அனுபவமும் அதற்குச் சான்றாகாது. புதிய பொருளாகவே கருதி அதனைத் தனியே சோதித்தல் வேண்டும்.