வலி மறந்த பாதங்கள்

கடந்த சித்திரை மாதத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், நான் பணியாற்றும் நீரிழிவு நோய்ப் பிரிவுக்கு வந்தார். வலது பாதத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தபோது, பெருவிரலின் அடியிலும் அதற்கடுத்த விரலின் அடியிலும் கொப்புளம் உடைந்து, சதை கறுத்துச் சீழ் பிடித்திருந்தது. எட்டு நாள்களுக்கு முன்பு நண்பகல் வேளையில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலுடன் வலம் வந்ததாகச் சொன்னார். கல்தளம் சுடவில்லையா என்று கேட்டேன். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, டாக்டர். கூட வந்த பேரன்தான் சூடு தாங்காமல் நிழலுக்கு ஓடினான்" என்றார்.

அவர் உடல்நலத்தில் அக்கறையற்றவர் அல்லர். மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்பவர். பையிலிருந்து பிளாஸ்டிக் உறையொன்றை எடுத்து, அதற்குள் பத்திரமாக வைத்திருந்த வண்ண அறிக்கையை என்னிடம் நீட்டினார். பதினான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு முகாமில் அவருக்குச் செய்யப்பட்ட டிஜிட்டல் பாதப் பரிசோதனையின் முடிவு அது. இரு பாதங்களின் படமும், ஒவ்வோர் இடத்துக்கும் நேரே ஓர் எண்ணும் இருந்தன. வலது பெருவிரலுக்கு நேரே 38 வோல்ட் என்று சிவப்பில் அச்சாகியிருந்தது. அந்த எண்ணின் பொருளை எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

கருவி தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது. அதற்கு அடுத்த கடமையைச் செய்யத்தான் ஆள் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடி பேர். இந்நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒருமுறையேனும் பாதப் புண்ணுக்கு ஆளாகக்கூடும் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. நீரிழிவால் நேரும் கால் அகற்றங்களில் பெரும்பாலானவை இத்தகைய ஒரு சிறு புண்ணிலிருந்தே தொடங்குகின்றன.

இதற்குக் காரணம் எளிது. இரத்தத்தில் நீண்டகாலம் மிகுந்திருக்கும் சர்க்கரை நரம்புகளைச் சிதைக்கிறது. உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகவே அவையே முதலில் பழுதடைகின்றன. உணர்வு மங்குகிறது. வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் வளைய, உடலின் எடை ஓரிரு இடங்களில் மட்டும் அழுந்துகிறது. இவற்றுடன் இரத்தக் குழாய்களும் சுருங்கிவிட்டால், ஏற்பட்ட புண் ஆறுவதற்கு வழியில்லாமல் போகிறது.

டிஜிட்டல் பாதப் பரிசோதனை என்பது ஒரே பரிசோதனை அன்று. இந்த மாற்றங்களைத் தனித்தனியே அளக்கும் பல பரிசோதனைகளின் தொகுப்பு. அதிர்வுணர்வை அளக்கும் கருவி முதலாவது. அதன் முனையைப் பாதத்தில் வைத்து அதிர்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுவர். எந்த வோல்ட் அளவில் நோயாளி அதிர்வை உணர்கிறார் என்பது பதிவாகும். 25 வோல்ட்டைத் தாண்டியும் உணரவில்லையெனில் புண் ஏற்படும் ஆபத்து கணிசமாக உயர்கிறது. ஆசிரியரின் அறிக்கையில் இருந்த 38-இன் பொருள் இதுதான்.

இரண்டாவது, டாப்ளர் கருவியைக் கொண்டு கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவது. கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்கும்போது விடை 0.9-க்குக் கீழே இருந்தால், காலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். மூன்றாவது, உணரிகள் பொருத்திய பலகைமீது நிற்கவும் நடக்கவும் செய்து, பாதத்தின் எந்தப் பகுதி மிகுதியாக அழுந்துகிறது என்பதை வண்ணப் படமாகக் காட்டுவது. நான்காவது, தோலின் வெப்பநிலையை அளப்பது. ஒரு பாதத்தின் ஓரிடம், மறு பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால், தோலுக்கு அடியில் அழற்சி தொடங்கிவிட்டது என்று ஐயுற வேண்டும். புண் கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது.

கருவிகளுக்கும் குறைகள் உண்டு. நீண்டகால நீரிழிவில் இரத்தக் குழாய்களின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து அவை இறுகிவிடுவதால், அடைப்பு இருக்கும்போதே டாப்ளர் கணக்கு இயல்பானதாகவோ 1.3-ஐத் தாண்டியோ வரக்கூடும். அப்போது கால்விரலில் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். விரலிடுக்கில் உள்ள வெடிப்பையும், செருப்புக்குள் துருத்தி நிற்கும் ஆணியையும் எந்த வண்ணப் படமும் காட்டாது. ஆகவே, கண்ணால் பார்ப்பதற்கும் கையால் தொடுவதற்கும் கருவி மாற்றாகிவிடாது.

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை வேறொன்று. அதை முதலில் கண்டுணர்ந்தவர்களுள் ஒருவர், 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவது நோயால் சதை அழுகுவதனால் அன்று, உணர்வற்ற உறுப்பில் மீண்டும் மீண்டும் நேரும் காயங்களால்தான் என்று எடுத்துக்காட்டினார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பின், அதே உண்மை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்தும் என்பதை வலியுறுத்தினார்.

அங்கே அவர் ஒரு துணிகரமான முயற்சியில் இறங்கினார். இழந்த வலிக்கு மாற்றாகச் செயற்கை வலியை உருவாக்க முனைந்தார். கையுறையிலும் காலுறையிலும் உணரிகளைப் பொருத்தி, அழுத்தம் மிகும்போது ஒலி எழச் செய்தார். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. அடுத்து, உடலின் உணர்வுள்ள பகுதியில் மின்னதிர்ச்சி தாக்கும்படி அமைத்தார். ஏதேனும் வேலையைச் செய்து முடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் அவர்கள் கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் உழைத்த பின் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

அந்தத் தோல்வி நமக்குச் சொல்லும் பாடம் பெரிது. வலி என்பது வெறும் செய்தி அன்று; அது கட்டளை. முள் தைத்தவுடன் எவரும் யோசிப்பதில்லை, காலைத் தூக்கிவிடுகிறோம். நரம்பு அறுந்த பாதத்துக்கு அந்தக் கட்டளையை இடுபவர் எவரும் இல்லை. கருவி தரும் எண் செய்தியாக மட்டுமே நின்றுவிடுகிறது. அதைக் கட்டளையாக மாற்ற வேண்டியவர்கள் மருத்துவரும் செவிலியரும் குடும்பத்தினரும்தான்.

அவ்வாறு மாற்ற முடியும் என்பதற்குச் சான்று உண்டு. ஆபத்து மிகுந்த நோயாளிகளிடம் வெப்பமானிகளைக் கொடுத்து, நாள்தோறும் வீட்டிலேயே பாதத்தின் சூட்டை அளக்கச் செய்யும் ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்தன. அவற்றின் முடிவுகள் 2004-லும் 2007-லும் வெளியாயின. வெப்ப வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நடையைக் குறைத்துக்கொண்டு செவிலியரை அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களுக்குப் புண் ஏற்படுவது மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்தது. அளவீட்டுடன் "இன்று நடக்காதே" என்ற தெளிவான கட்டளையும் சேர்ந்திருந்ததே அதன் வெற்றிக்குக் காரணம் என்பது என் கருத்து.

நீரிழிவுப் பாதம் குறித்த பன்னாட்டுப் பணிக்குழு, இதற்கான நெறிமுறையை வகுத்திருக்கிறது. உணர்விழப்போ இரத்த ஓட்டக் குறைவோ இல்லாத பாதம் பூஜ்ய நிலை. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தால் போதும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் முதல் நிலை. ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை. இரண்டும் சேர்ந்திருந்தாலோ, ஒன்றுடன் பாதத்தின் வடிவம் மாறியிருந்தாலோ இரண்டாம் நிலை. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. இரண்டில் ஏதேனும் ஒன்று இருப்பவருக்கு முன்பே புண் வந்திருந்தாலோ, விரலோ காலோ அகற்றப்பட்டிருந்தாலோ, சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்திருந்தாலோ மூன்றாம் நிலை. ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. நான்கு வரியில் எழுதிவிடக்கூடிய இந்த விதி, முகாம்களில் தரப்படும் ஒவ்வோர் அறிக்கையின் தலைப்பிலும் தமிழில் இடம்பெற வேண்டும்.

கருவி இல்லாத ஊரில் என்ன செய்வது? டிஜிட்டல் என்ற சொல்லின் இலத்தீன் வேர் விரலைக் குறிக்கிறது. அந்த விரலே போதும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட தொடுமுறைப் பரிசோதனையில், நோயாளி கண்களை மூடிக்கொள்ள, மற்றொருவர் இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு நொடி மெல்லத் தொடுகிறார். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ், நீரிழிவு மாத்திரைகளுடன் பணியாளர்கள் வீடு தேடி வருகின்றனர். அவர்கள் மாத்திரையைக் கொடுக்கும்போது பாதத்தையும் ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்து, நோயாளியின் அட்டையில் நிலையையும் அடுத்த பரிசோதனை நாளையும் குறித்தால், புதிய கருவி எதுவும் வாங்காமலேயே பல கால்களைக் காப்பாற்ற இயலும். உணர்விழந்த பாதங்களுக்கு, தொழுநோய் மருத்துவத்தில் நாம் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் நுண்துளை ரப்பர் செருப்புகளும் கிடைக்கச் செய்ய வேண்டும். பரிசோதனைக்குக் காட்டும் ஆர்வத்தைச் செருப்புக்கும் காட்டாவிட்டால் பரிசோதனையால் பயனில்லை.

அந்த ஆசிரியருக்கு இரு விரல்களை அகற்ற நேர்ந்தது. பாதம் தப்பியது. இப்போது அவருடைய அட்டையில் மூன்றாம் நிலை என்றும் அடுத்து வரவேண்டிய நாளும் எழுதப்பட்டிருக்கின்றன. கோயிலுக்குச் செல்வதை அவர் நிறுத்தவில்லை. விடியற்காலையில், தடித்த பருத்திக் காலுறை அணிந்து செல்கிறார்.

"அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மத்தியானத்தில் போயிருக்க மாட்டேனே" என்று ஒருநாள் சொன்னார். குற்றம்சாட்டும் தொனி அதில் இல்லை. அதனாலேயே எனக்கு அது மறக்கவில்லை. பாதப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கும் எவரும் நாற்காலியை விட்டு எழுவதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். என் பாதம் எந்த நிலையில் இருக்கிறது? அடுத்து எப்போது வர வேண்டும்? நாளை காலை முதல் நான் என்ன செய்ய வேண்டும்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே பரிசோதனை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.