நஞ்சுக்கொடியில் பிறக்கும் இரத்த அழுத்தம்

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் புதிதாக 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ அது பிரீஎக்லாம்ப்சியா எனப்படும். உலகில் நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு இது வருகிறது. முற்றினால் வலிப்பு கண்டு தாயும் சேயும் உயிரிழக்க நேரலாம்.

நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் குழந்தையே உருவாகாமல் நஞ்சுத்திசு மட்டும் பெருகும்போதும் இந்நோய் வருவது அதற்குச் சான்று. நஞ்சு வெளியேறியபின் பெரும்பாலோருக்கு நோய் படிப்படியாகத் தணிகிறது.

இயல்பான கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் தமனிகளை அகலமாக்குகின்றன. வாய்க்கால் அகலமானதும் வயலுக்குத் தண்ணீர் தடையின்றிப் பாய்வதுபோல் இரத்தம் சீராக வருகிறது. இந்த வேலை அரைகுறையாக நின்றால் தமனிகள் குறுகலாகவே இருக்கும். நஞ்சுக்கொடிக்கு ஆக்ஸிஜன் சரிவரக் கிடைக்காது. செல்களைச் சேதப்படுத்தும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் கூடும்.

தவிக்கும் நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தைத் தாயின் இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலக்கிறது. இரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பேணும் விஇஜிஎஃப், பிஎல்ஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணிகளை அந்தப் புரதம் பிடித்துவைத்துக்கொள்கிறது. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடும் புரோஸ்டாசைக்ளினும் குறைகின்றன. சுருக்கும் எண்டோதீலினும் திராம்பாக்ஸேனும் மேலோங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் கசிகிறது.

இந்தத் தொடர்பை வெளிக்கொணர்ந்தவர்களில் முதன்மையானவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து பாஸ்டனில் ஆய்வு செய்த அனந்த் கருமஞ்சி. எஸ்எஃப்எல்டி-1 கூடுதலாகச் சுரக்கச் செய்த கர்ப்பிணி எலிகளுக்கு உயர் அழுத்தமும் புரதக் கசிவும் உண்டாவதை அவரது குழு 2003-ல் காட்டியது. நோய் வெளிப்படுவதற்குச் சுமார் 5 வாரம் முன்பே தாயின் இரத்தத்தில் இப்புரதம் ஏறத் தொடங்குவது 2004-ல் தெரியவந்தது. எஸ்எஃப்எல்டி-1, பிஎல்ஜிஎஃப் விகிதத்தை அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி அளித்தது.

ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 16-வது வாரத்துக்கு முன்பே மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குகிறார். அது திராம்பாக்ஸேனைக் குறைக்கிறது. கடுமையான நிலையில் மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பைத் தடுக்கிறது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், அது வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. ஆயினும் முழுத் தீர்வு பிரசவம்தான். அதற்கான வேளையைக் கணிப்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது.

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரம் போன்ற வயல் சூழ்ந்த ஊர்களில் விகிதப் பரிசோதனை எளிதில் கிட்டாது. கிராம சுகாதார செவிலியரின் அழுத்தமானியும் சிறுநீர்ப் பரிசோதனையுமே அங்கு முதல் காவல். நாற்று நட்டுக் களைத்ததால் வந்த கால்வீக்கம் என்று எண்ணி மாதப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ஓயாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் அழுத்தத்தை அளந்துவருவது அவசியம்; வலிப்பு அப்போதும் வரக்கூடும்.