இரண்டு கோடு போட்டது யார்?

திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், கிராம சுகாதார செவிலியர் முதலில் எடுப்பது பரிசோதனை அட்டை. சில சொட்டுச் சிறுநீர், சில நிமிடம். இரண்டு கோடு விழுந்தால் கர்ப்பிணிகளுக்கான அரசின் பிக்மி எண்ணுக்குப் பதிவு, சத்து மாத்திரை, வீட்டில் ‘முருகா’ என்றொரு பெருமூச்சு. ஆனால் அட்டைக்குக் குழந்தையைப் பற்றி எதுவும் தெரியாது. அது கண்டுபிடிப்பது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. அதைச் சுரப்பவை நஞ்சுக்கொடியாக வளரப்போகும் செல்கள்.

2018இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்கரிட்டா டர்கோ, ஆஷ்லி மொஃபெட் குழுவின் ஆய்வகத்திலும் இப்படி ஓர் அட்டை ‘கர்ப்பம்’ என்றது. அங்கே தாயும் இல்லை, சிசுவும் இல்லை. கர்ப்பத்தின் தொடக்க மாத நஞ்சுக்கொடிச் செல்களை ஜெல்லில் பதித்து வளர்த்த, கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் உருண்டைகள்தான் இருந்தன. பெயர் ஆர்கனாய்டு.

நஞ்சுக்கொடியை ஆராய எலியை வைத்துப் பார்த்தால் போதாதா? எலிக்குக் கர்ப்பமே சுமார் 20 நாள். அதன் நஞ்சுக்கொடி அமைப்பும் வேறு. எலிகளிடம் பெரிதாகக் கேடு காட்டாத தாலிடோமைடு மாத்திரை, 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கைகால்களைக் குலைத்துவிட்டது.

அதனால் அரை நூற்றாண்டாகப் புற்றுச் செல்களே கைகொடுத்தன. 1968இல் அறிவிக்கப்பட்ட ‘பீவோ’ செல்கள் நஞ்சுக்கொடிப் புற்றிலிருந்து வந்தவை. நடுவே வெள்ளெலியின் கன்னப்பையில் பல ஆண்டு குடியிருந்தவை. பூர்விகம் இப்படி என்றாலும் உழைப்பில் குறையில்லை. நஞ்சுக்கொடியின் மேற்பரப்பு தனித்தனிச் செல்களால் ஆனதல்ல. செல்கள் எல்லையை இழந்து ஒன்றாகக் கலந்து, எண்ணற்ற உட்கருக்களோடு ஒரே விரிப்பாகிவிடுகின்றன. பிரசவ காலத்தில் அதன் பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். தாயின் ரத்தம் நனைப்பது இதைத்தான். டெல்லி தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் சதீஷ் குமார் குப்தாவின் குழு, பீவோ செல்களில் எச்.சி.ஜி. உற்பத்தியை அடக்கிப் பார்த்தது. செல்கள் கலப்பதும் குறைந்தது (2015). அட்டையில் கோடு போடும் அதே ஹார்மோன்தான் அந்த விரிப்பை நெய்யவும் உதவுகிறது!

ஆர்கனாய்டில் புற்று இல்லை. ஆனால் வேறொரு வேடிக்கை. திருப்பிப் போட்ட சட்டைபோல, ரத்தத்தில் நனைய வேண்டிய விரிப்பு உருண்டைக்குள்ளே மாட்டிக்கொண்டது. வெளியே மருந்தை ஊற்றினால் அது தொடுவது தப்பான பக்கத்தை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கரோலின் கோய்ன் குழு, ஜெல் இல்லாமல் திரவத்தில் மிதக்கவிட்டது. உருண்டை நேர்ப்பக்கம் திரும்பியது. ரத்த ஓட்டம் இன்னும் இல்லை. அதற்குத் தனி ஏற்பாடு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2016இல் வந்த சிப்: இரண்டு நுண்கால்வாய்கள், நடுவே சவ்வு, ஒருபுறம் பீவோ, மறுபுறம் சிசுவின் பக்கத்து ரத்தக்குழாய்ச் செல்கள்.

பிரசவத்துக்குப் பின் விழும் நஞ்சுக்கொடியிலிருந்தும் ஆர்கனாய்டு வளர்க்கலாம் என்று டியூக் குழு காட்டியதுதான் எனக்குப் பெரிய செய்தி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த நிலையில் நஞ்சுக்கொடி இரும்பை எப்படிப் பங்கிடுகிறது என்பதை நம் தாய்மார்களின் திசுவிலேயே கேட்கலாம். அரசு மருத்துவமனைகளில் அந்தத் திசு மஞ்சள் பையில் கழிவாகப் போகிறது. ஸ்டெம்செல் ஆய்வு மையம் இருக்கும் வேலூர் திருத்தணிக்கு எட்டாத தூரமில்லை. வேண்டியது தாயின் சம்மதமும் ஒரு குளிர்பெட்டியும்.