பல்லுக்கு முன்னால் சொல்

'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள் நம் ஊரில். பல் டாக்டரின் நாற்காலியில் ஒரு தடவையாவது சாய்ந்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். அங்கே பல் போவதற்கு முன்பே சொல் போய்விடுகிறது. வாய்க்குள் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், சின்னக் கண்ணாடி, போதாக்குறைக்கு டாக்டரின் இரண்டு விரல்கள். "வலிக்கிறதா?" என்று கேட்கிறார். "ஆ" என்கிறோம். அது ஆமாவா, இல்லையா என்பது நமக்கே வெளிச்சம்! தில்லிவாசிகளான நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வாய் காலியாக இருக்கும்போதுகூட, அந்த வலியை இந்தியில் என்னவென்று சொல்வது?

என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால் செய்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. வலப்பக்கத்தில் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஏற்கெனவே இல்லை. இடப்பக்கத்து இந்தப் பல்லும் போனால் மெல்லுவதற்குப் பக்கமே இருக்காது. பயமோ மலையளவு. அதை எப்படிக் கடந்தேன் என்பதை, என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

பயத்துக்கும் மதிப்பெண்

பல் வைத்தியத்துக்குப் பயப்படுவதை வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். வைத்திய உலகம் கேலி செய்வதில்லை, அளந்து பார்க்கிறது. நார்மன் கோரா என்ற அமெரிக்கர் 1969ல் நான்கு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தயாரித்தார். 1995ல் ஹம்ஃப்ரிஸ் முதலானோர் அதைத் திருத்தி, ஊசி பற்றிய ஐந்தாவது கேள்வியைச் சேர்த்தார்கள். நாளைக்கு டாக்டரிடம் போகவேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி, டிரில் வைக்கும்போது எப்படி, பல்லைச் சுத்தம் செய்யும்போது எப்படி, ஈறில் ஊசி போடும்போது எப்படி என்பவைதான் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 25ல் 19ஐத் தொட்டால் கடுமையான பயம் என்று பொருள். நான் எடுத்தது 22. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு நல்ல மார்க் வாங்கியதில்லை!

பயத்தின் வேர் ஊரில் இருந்தது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். ஊசி போட்டார்கள், மரத்துப்போகும் வரை காத்திருக்கவில்லை. கையைத் தூக்கினேன். இரண்டு பேர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வலி அன்று சாயங்காலமே போய்விட்டது. பிடித்த பிடி மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த மாதிரி அறைகளின் வாசனை பட்டாலே உள்ளங்கை வேர்த்துவிடும். இத்தனைக்கும் அந்த வாசனை நம் அஞ்சறைப்பெட்டிக் கிராம்புதான். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் என்ற பொருளைப் பல் டாக்டர்கள் தற்காலிகமாக அடைக்கும் மருந்தில் சேர்ப்பதுண்டு.

எந்த வலி?

தமிழில் பல்வலிக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன! கூசுகிறது, குத்துகிறது, கடுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது. இந்தியில் நமக்குக் கைவசம் இருப்பது பெரும்பாலும் ஒரே சொல்தான்: 'தர்த்'. முப்பது வருஷத்து ஆபீஸ் இந்தியை வைத்துக்கொண்டு ஃபைலை நகர்த்தலாம், கத்தரிக்காய்க்குப் பேரம் பேசலாம். விண்விண் என்பதைச் சொல்ல வராது.

இது வெறும் மொழிப் பிரச்சினை இல்லை, வைத்தியமே இதில் அடங்கியிருக்கிறது. ஐஸ் தண்ணீர் பட்டதும் கூசி, உடனே அடங்கிவிட்டால் பல்லின் உள்ளே இருக்கும் நரம்புத் திசு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அடைத்தாலே போதும் என்று ஆகலாம். சூடு பட்டு, வெகுநேரம் தெறித்து, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி என்றால் அந்தத் திசு மீளமுடியாதபடி வீங்கியிருக்கக்கூடும். கடித்தாலோ தட்டினாலோ வலித்தால், கோளாறு வேரைச் சுற்றியுள்ள பகுதிக்குப் போயிருக்கலாம். எக்ஸ்ரேயும் பரிசோதனையும் இதை உறுதி செய்யும். ஆனாலும் முதல் தடயம் நம் வாய்ச்சொல்தான்.

இரவில் படுத்ததும் வலி அதிகமாவதற்கும் காரணம் உண்டு. உடம்பில் வேறு பல இடங்களில் வீங்கினால் விரிய இடம் இருக்கிறது. பல்லுக்குள் சுற்றிலும் கெட்டிச் சுவர். படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடி, உள்ளே இருக்கும் திசுவை நெருக்குகிறது.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள்தான் ஒரு காகிதத்தில் சில வாக்கியங்களை எழுதிக் கொடுத்தாள். கூச்சத்துக்கு 'டண்டா கரம் லக்தா ஹை'. தெறிக்கும் வலிக்கு 'டீஸ் உட்தீ ஹை'. ஈறு 'மசூடா', கடைவாய்ப் பல் 'தாட்'. இன்னும் மரத்துப்போகவில்லை என்பதற்கு 'அபீ சுன்ன நஹீன் ஹுவா'. கடைசியாக, 'ஏக் மினட் ருக்கியே'. அவளுக்கு அ, ஆ எழுதிக் கொடுத்த கையோடு அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

இடது கை ஒப்பந்தம்

டாக்டர் இளம்பெண். நான் பயத்தைச் சொன்னதும், 'பயப்படாதீர்கள்' என்று அவர் சொல்லவில்லை. "டர் கிஸ் பாத் கா ஹை, அங்கிள்?" என்று கேட்டார். எதைக் கண்டு பயம்? யாரும் அதுவரை என்னைக் கேட்டிராத கேள்வி. சற்று யோசித்துவிட்டு, நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றும்போது நிறுத்த முடியாதே, அதுதான் பயம் என்றேன்.

"இடது கையைத் தூக்குங்கள். நிறுத்திவிடுவேன்" என்றார். ஏன் இடது கை? அவர் வலப்பக்கம் உட்கார்ந்து வேலை செய்கிறார். வலது கையைத் தூக்கினால் கருவியில் இடித்துவிடும்.

முதலில் ஈறில் மரக்கச் செய்யும் ஜெல்லைத் தடவினார். பிறகு தாடையின் பின்பக்கத்தில் ஊசி. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு, நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்திலேயே மருந்து போடவேண்டும். பாதி உதடு மரத்துப்போனால் மருந்து பிடித்துவிட்டது என்று அறிகுறி. ஊசி போட்ட சற்று நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம்தான் முற்றிவிட்டதோ என்று நினைத்தேன். மருந்து போட்ட இடத்திலேயே தங்குவதற்காக அதோடு கொஞ்சம் அட்ரினலின் சேர்த்திருக்கிறது, அதனால் இப்படி அடிக்கலாம், சில நிமிடங்களில் அடங்கும் என்றார். அடங்கியது. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதனால்தான் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

டிரில் ஓட ஆரம்பித்தது. வலி இல்லை. ஆனாலும் இடது கையைத் தூக்கினேன். சத்தம் உடனே நின்றது. ஏன் தூக்கினீர்கள் என்று அவர் கேட்கவில்லை, காத்திருந்தார். நான் தலையசைத்ததும் மறுபடி ஓட்டினார். அந்த ஒரு நிமிடத்தில்தான் என் தோள்கள் நாற்காலியில் படிந்தன.

பிறகு ஒரு தடவை நிஜமாகவே சுரீர் என்றது. கை எழுந்தது, டிரில் நின்றது. வீங்கிய பல்லில் மருந்து சரியாகப் பிடிக்காமல் போவது சகஜமாம். பல்லை ஒட்டி இன்னொரு ஊசி போட்டுப் பொறுத்திருந்தார். அதன்பின் ஒன்றும் தெரியவில்லை.

மொத்தம் மூன்று தடவை போனேன். மெல்லிய கம்பி போன்ற அரங்களால் வேரின் குழாய்களைச் சுத்தம் செய்து, மருந்து நீரால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அடைத்தார்கள். இது மலாய் நாட்டு மரம் ஒன்றின் பால். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதுதான். கடைசியில் பல்லின்மேல் தொப்பி. இப்போது இடப்பக்கத்தில் சீடை மெல்லுகிறேன்.

பயந்தவர்களுக்குச் சில குறிப்புகள்

முதல் தடவை வெறும் பேச்சுக்கும் பரிசோதனைக்கும் மட்டும் போங்கள். பயத்தை நாற்காலியில் சாய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கையைத் தூக்கும் ஏற்பாட்டை நீங்களே கேளுங்கள். காலையிலேயே நேரம் வாங்கினால் நாள் முழுவதும் நினைத்து மருகவேண்டாம்.

ஊசி போட்டு மட்டும் செய்யும் வைத்தியத்துக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள்; பயமும் பசியும் சேர்ந்தால் மயக்கம் வரும். சர்க்கரை நோய்க்கோ, ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் கேளுங்கள். மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கும். அதுவரை சூடான காப்பியும் சாப்பாடும் வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள்.

வலிக்கிற ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்காதீர்கள், ஈறு வெந்துபோகும். கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினாலும் அதே கதிதான். முகம் வீங்கி, ஜுரம் வந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் கெடும், சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பவை இரண்டும் ஆதாரமில்லாத பேச்சு.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள் அரசுப் பல் மருத்துவ நிலையங்களை விசாரிக்கலாம். தில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிலையமும், எய்ம்ஸின் பல் மருத்துவ மையமும் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், பொறுமை வேண்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னொன்று. 'சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன்' என்று மிரட்டாதீர்கள். பல்லில் ஒரு கோளாறும் இல்லாதபோதே ஒரு தடவை கூட்டிப் போய், நாற்காலி ஏறி இறங்குவதைக் காட்டிவிட்டு வாருங்கள். கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்துவார் என்பதை அந்த வயதிலேயே அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.