எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மெதுவாகப் போகும்போது திக்குவது ஏன்? காரணம் 2 மைக்ரோ நொடியா?

சமயநல்லூரிலிருந்து எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் மதுரைக்குக் கிளம்பினால், திண்டுக்கல் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். விளாங்குடி தாண்டி டிராஃபிக்கில் நின்று நின்று நகரும்போதுதான் சில வண்டிகளில் லேசான திக்கல் தெரியும். எல்லாரும் மோட்டாரைத்தான் சந்தேகப்படுவாங்க. ஆனால் காரணம் இன்வெர்ட்டராகவும் இருக்கலாம். எப்படி?

இன்வெர்ட்டரின் வேலை என்ன?

வீட்டில் கரண்ட் போனால் கைகொடுக்கும் இன்வெர்ட்டர் செய்யும் அதே வேலைதான். பேட்டரியின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும். வண்டியில் இதற்கு மேலே 3, கீழே 3 என மொத்தம் 6 எலெக்ட்ரானிக் ஸ்விட்ச்கள். இவற்றை 8 விதமாக இயக்கலாம்.

'முன்கணிப்பு' முறை என்றால்?

வழக்கமான முறை, கரண்டில் தப்பு வந்த பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும். முன்கணிப்பு முறையில் அந்த 8 விதத்துக்கும் அடுத்த கணம் எவ்வளவு கரண்ட் ஓடும் என்று சிப் முன்கூட்டியே கணக்குப் போட்டு, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும். நொடிக்குப் பல ஆயிரம் முறை இது நடக்கும். வேகம் அதிகம். ஆனால் கணக்கை முழுசா நம்பும்.

சிக்கல் எங்கே?

மேல் ஸ்விட்சும் கீழ் ஸ்விட்சும் ஒன்றாக ஆன் ஆனால் ஷார்ட் சர்க்யூட். அதைத் தவிர்க்க, நடுவில் இரண்டையும் ஒரு கணம் அணைத்து வைப்பார்கள். இதுதான் 'டெட் டைம்'.

ஓர் உதாரணம்: 48 வோல்ட் பேட்டரி, 2 மைக்ரோ நொடி இடைவெளி, நொடிக்கு 10,000 சுற்று. கிட்டத்தட்ட 1 வோல்ட் பிசகும். வேகமாக ஓடும்போது மோட்டாருக்கு 30 வோல்ட் போகிறது என்றால் இது பெரிய விஷயமில்லை. ஆனால் மெதுவாக நகரும்போது 3 வோல்ட்தான் தேவை என்றால்? மூன்றில் ஒரு பங்கு கணக்கே தப்பு! அதுதான் திக்கலாகவும் வீண் சூடாகவும் வெளிப்படும்.

தீர்வு என்ன?

டெட் டைம், ஸ்விட்சுக்குள் குறையும் வோல்டேஜ், சிப் கணக்குப் போட எடுக்கும் நேரம், இந்த மூன்றையும் கணக்கிலேயே சேர்த்துவிடுவது. இதற்குப் புது பார்ட்ஸ் வேண்டாம், சாஃப்ட்வேர் மாற்றம் போதும். ஒரே சவால், கரண்ட் பூஜ்ஜியத்தைத் தொடும் இடம். கரண்ட் ஓடும் திசையைப் பொறுத்துத்தான் வோல்டேஜைக் கூட்டுவதா, குறைப்பதா என்று முடிவாகும். திசையைத் தப்பாக எடுத்தால் பிழை இரட்டிப்பாகும்.

சமயநல்லூர் வழியாக ஓடும் வந்தே பாரத் ரயிலிலும் மோட்டார்களை இயக்குவது இன்வெர்ட்டர்கள்தான். அங்கேயும் டெட் டைம் உண்டு.

கவனிக்க: எல்லா ஸ்கூட்டரிலும் முன்கணிப்பு முறை கிடையாது. திக்கல் திடீரென்று ஆரம்பித்தால் சென்சார், வயர் பழுதாகவும் இருக்கலாம். சர்வீஸ் சென்டரில் காட்டிவிடுவது நல்லது.