பொத்தி வைத்தால் போதுமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது அல்லவா? வற்றலும் வடகமும் கடைசி வெயிலைப் பார்த்துவிட்டு டப்பாவுக்குள் போகின்றன. மிளகாயும் பருப்பும் சுக்காகக் காய்ந்த பிறகே ஜாடிக்குள் இறங்குகின்றன. பட்டுப் புடவையை நிழலில் உலர்த்தித்தான் மடிக்கிறோம். எதையாவது ஈரத்தோடு மூடி வைப்போமா? மாட்டோம். பூசணம் பூத்துவிடும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறோமே கார், அதை மட்டும் ஈரத்தோடு மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்!

என் பெரியம்மா மகள் அப்படித்தான் தூங்கினாள். காரைக்காலுக்கு வடக்கே, கடலை ஒட்டிய கோட்டுச்சேரிமேட்டில் அவள் வீடு. பிரெஞ்சு ஆட்சி 1954-ல் போய்விட்டாலும், பிரான்ஸுக்குப் போய்ச் சம்பாதிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கம் இன்றும் உண்டு. அக்காள் மகனும் அவர்களில் ஒருவன். அத்தானுக்கு இருதயக் கோளாறு. "ஆத்திர அவசரத்துக்கு வண்டி வேணும்மா" என்று ஒரு காரை வாங்கி நிறுத்திவிட்டுப் போனான். ஓட்டுவதற்குப் பக்கத்து வீட்டுத் தம்பி இருக்கிறான்.

கொட்டகை கிடையாது. மழைக் காலம் வந்ததும் அக்காள் நீலத் தார்ப்பாயைப் போர்த்தி, கயிறு கட்டி, ஓரங்களில் செங்கல்லும் வைத்துவிட்டாள். "உப்புக் காத்துப் பட்டா இரும்பு என்னத்துக்கு ஆகும்?" என்று, இரண்டு மாதம் அந்தத் தார்ப்பாயைத் தொடவே இல்லை. கைக்குழந்தையைக்கூட அப்படிப் பொத்தி வைத்திருக்க மாட்டாள்!

மார்கழியில் ஒரு நாள் நள்ளிரவு அத்தானுக்கு மூச்சுத் திணறியது. டார்ச் வெளிச்சத்தில் கயிற்றை அவிழ்த்துச் சாவியைத் திருப்பினால், காரில் 'டிக்' என்ற சத்தம்கூட இல்லை. சரி, தள்ளலாம் என்றால் பின் சக்கரம் அசையவில்லை. கடைசியில் தெருக்கோடி ஆட்டோக்காரர்தான் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அத்தான் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த அரை மணி நேரம் அக்காள் பட்ட பாடு!

மறு வாரம் நான் போய்ப் பார்த்தேன். கதவின் அடியோரம் துருப் பொட்டுகள். ஸீட்டெல்லாம் வெண்பூசணம். என்ஜினுக்குள் எலி வைக்கோல் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. "பொத்திப் பொத்தித்தானே வச்சிருந்தேன், தங்கச்சி!" என்று அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிர் வீட்டு மீனவப் பெரியவர் சிரித்தார். "ஈர வலையைச் சுருட்டிக் கட்டி வைப்போமாம்மா? படகு மோட்டாரை நல்ல தண்ணியில கழுவாம மூடுவோமா? காருக்கு மட்டும் வேற நியாயமா?" என்றார்.

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயமான கேள்வி.

மழை நாளில் உங்கள் உப்பு ஜாடியைப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே உப்பு நீர்விட்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். கடற்கரைக் காற்றில் வரும் உப்பு காரின் மேல் படிந்திருக்கும்போது, மழை பெய்யாத நாளிலும் அது ஈரமாகவே இருக்கிறது. அதன் மேல் காற்றுப் புகாத தார்ப்பாயையும் போட்டால் என்ன ஆகும்? பகல் சூட்டில் ஈரம் ஆவியாகி மேலே போய், இரவுக் குளிரில் தார்ப்பாயின் உட்புறம் முத்து முத்தாகக் கோத்து, மறுபடி காரின் மேலேயே சொட்டும். இட்லிப் பானை மூடியில் தினமும் பார்க்கிறோமே, அதே கதைதான்!

அப்படியானால் காரை மூடவே கூடாதா? தாராளமாக மூடலாம், மூடுவதற்கு முறை இருக்கிறது. முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மேலே மட்டும் போதாது. அடிப்பக்கத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். நன்றாகக் காய்ந்து, என்ஜின் சூடும் ஆறிய பிறகு மூடுங்கள். காற்றுப் போய்வரக் கூடிய, உட்புறம் மிருதுவான துணி உறையாக வாங்குங்கள். அது காருக்குப் பொருத்தமான அளவில் இருக்கட்டும். தொளதொளவென்று இருந்தால் காற்றில் படபடத்து, இடையில் புகுந்த மணலை வைத்தே காரின் வர்ணத்தைத் தேய்த்துவிடும். வெயில் அடிக்கும் நாளிலெல்லாம் உறையை எடுத்துக் கொடியில் போடுங்கள். கார்க் கதவுகளையும் சற்றுத் திறந்து வையுங்கள்.

புல் தரையிலும் ஈர மண்ணிலும் நிறுத்தாதீர்கள். ஈரம் கீழிருந்தும் ஏறும். சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் கைபிரேக்கைத் தளர்த்தி விடுங்கள். வாரக் கணக்கில் இழுத்தே வைத்தால் ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். அக்காள் வீட்டுச் சக்கரம் அசையாததற்குக் காரணம் அதுதான். கார் சும்மா நின்றாலும், உள்ளே இருக்கும் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கை மணியும் பாட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது. நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் உறுமவிடுவது போதாது. வயலில் தண்ணீர் நின்றால் எலிகள் மேட்டைத் தேடி வரும். கிளப்புவதற்கு முன் என்ஜின் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2008 நவம்பர் 27-ல் 'நிஷா' புயல் காரைக்கால் அருகேதான் கரை கடந்தது. 2018 நவம்பர் 16-ல் 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்து, டெல்டாவின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. புயல் எச்சரிக்கை வந்தால் உறையை நம்பாதீர்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டுக் காரைத் தென்னை மரத்தடியிலிருந்து நகர்த்தி, மேடான இடத்தில் விடுங்கள். வெள்ளம் காருக்குள் ஏறிவிட்டால், வடிந்த பிறகும் சாவியைத் திருப்பவே கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது அதைச் சுற்றவிட்டால் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். 2015 டிசம்பரில் சென்னையில் பலர் இதைச் செலவழித்துக் கற்றுக்கொண்டார்கள். சாதாரண இன்ஷூரன்ஸில் அந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. அதற்கென்று தனிப் பாதுகாப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அக்காள் வீட்டில் இப்போது அந்தத் தார்ப்பாய் விறகின் மேல் கிடக்கிறது. காருக்குத் துணி உறை வந்துவிட்டது. வெயில் தலைகாட்டினால் போதும். ஒரு பக்கம் வடகம், ஒரு பக்கம் கார் உறை என்று இரண்டும் காய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து சாவியைத் திருப்புகிறான். திண்ணையில் இருக்கும் அத்தான் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குகிறாராம்!