ஒப்பந்தகாரரும் பாதுகாப்புச் சான்றிதழும்



உயர்ந்த கட்டடமொன்றைக் காணும்போது அதன் அழகை வியந்து நிற்கிறோம். அதைக் கட்டிய தொழிலாளர் அனைவரும் நாள்தோறும் மாலையில் நலமாக வீடு திரும்பினரா என வினவுவோர் சிலரே. சாரத்தின்மேல் நின்று பூச்சு வேலை செய்பவனும், ஆழமான கிடங்கில் இறங்கிக் குழாய் பதிப்பவனும், பழைய கூரையில் ஏறி ஓடு மாற்றுபவனும் தம் உயிரைப் பெரும்பாலும் ஒப்பந்தகாரரின் ஒழுங்கிலேயே ஒப்படைத்திருக்கின்றனர். ஆதலின், வேலையைக் கொடுப்பவர், "இவர் பாதுகாப்பாக வேலை செய்விக்கத் தக்கவரா?" என்று முன்கூட்டியே ஆராய்தல் கடமையாகின்றது. அவ்வாராய்ச்சி பிரித்தானியாவில் எவ்வாறு நடைபெறுகின்றது, அதில் எழுந்த இடர்ப்பாடு யாது, அதற்குக் கண்ட பரிகாரம் எத்தகையது என்பவற்றை இன்று நோக்குவோம்.

அந்நாட்டில் முன்னர் தொழிற்சாலைக்கு ஒரு சட்டம், சுரங்கத்துக்கு ஒரு சட்டம், கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேறொரு சட்டம் எனப் பல சட்டங்கள் இருந்தன. 1970 ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற ரோபென்ஸ் பிரபுவின் குழு இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1972 இல் அறிக்கை சமர்ப்பித்தது. சட்டங்கள் பெருகிவிட்டமையே ஒரு குறை என்றும், ஆபத்தை உண்டாக்குபவரே அதனைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டுமென்றும் அக்குழு கருதியது. அதன் பயனாக 1974 இல் தொழிலிடச் சுகாதார பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கட்டட வேலைக்கெனத் தனி விதிகள் 1994 இல் ஆக்கப்பட்டு, 2007 இலும் 2015 இலும் திருத்தியமைக்கப்பட்டன. ஒப்பந்தகாரரை நியமிப்பவர், அவருக்கு வேண்டிய திறனும் அறிவும் அனுபவமும் உண்டா என்பதையும், அது ஒரு நிறுவனமாயின் அதற்கு ஏற்ற அமைப்பாற்றல் உண்டா என்பதையும் நியாயமான வழிகளில் அறிந்து திருப்தியடைய வேண்டுமென்பது 2015 ஆம் ஆண்டு விதிகளின் கட்டளை.

விதி நல்லதே. ஆயினும் அதை நிறைவேற்றிய முறையில் ஒரு தொல்லை வளர்ந்தது. ஒவ்வொரு நகரசபையும், ஒவ்வொரு கம்பனியும் தத்தமக்கென ஒரு வினாப் பத்திரத்தைத் தயாரித்து அனுப்பின. "உமது பாதுகாப்புக் கொள்கை யாது? தொழிலாளருக்கு என்ன பயிற்சி அளித்தீர்? விபத்துக்களை எவ்வாறு பதிவு செய்கிறீர்?" என்று ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டனர். இத்தொல்லையைக் குறைக்கவே, ஒப்பந்தகாரரைப் பரிசீலித்துச் சான்றிதழ் வழங்கும் திட்டங்கள் தோன்றின. 1997 இல் உள்ளூராட்சி மன்றங்களின் முயற்சியால் உருவான 'சாஸ்' என்னும் திட்டம் அவற்றுள் ஒன்று. ஆனால், திட்டங்கள் பலவானபோது பழைய தொல்லையே புதிய உருவில் வந்தது. ஒருவர் இந்தத் திட்டத்தின் சான்றிதழையே ஏற்பேன் என்றார். மற்றவர் அந்தத் திட்டத்தின் சான்றிதழையே கேட்டார்.

இதனாற் பெரிதும் வருந்தியவர் சிறு ஒப்பந்தகாரரே. நான்கு தொழிலாளரோடு கூரை வேலை செய்யும் ஒருவருக்குத் தனியாக இலிகிதர் இல்லை. பகல் முழுவதும் உழைத்துவிட்டு, இரவில் அவரே பத்திரங்களை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் கட்டணமும் செலுத்த வேண்டும். சாரத்தைச் சோதிக்கச் செல்ல வேண்டிய நேரம் கடதாசியிற் கழிந்தது. பாதுகாப்பின் பெயரால் பாதுகாப்புக்குரிய நேரமே பறிபோவது முரண்பாடன்றோ?

இதற்குப் பரிகாரமாக, 2009 ஆம் ஆண்டு இத்திட்டங்கள் பல ஒன்றுகூடி, எஸ்.எஸ்.ஐ.பி. எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு பொது அமைப்பை நிறுவின. அரசாங்கத்தின் சுகாதார பாதுகாப்பு நிருவாகமும் இதற்கு ஆதரவு நல்கியது. அங்கத்துவத் திட்டங்கள் யாவும் ஒரே அடிப்படை அளவுகோலைக் கொண்டு பரிசீலிக்க வேண்டும். அவ்வாறு ஒரு திட்டத்தில் தேறிய ஒப்பந்தகாரர் மற்றொரு திட்டத்திற் சேர விரும்பினால், பாதுகாப்புப் பற்றிய பரிசீலனை மீண்டும் முதலிலிருந்து நடைபெறுவதில்லை. முன்னைய சான்றிதழே போதுமானதாகக் கொள்ளப்படும். இதுவே பரஸ்பர அங்கீகாரம்.

பாடசாலை வழக்கமொன்றால் இதனை எளிதில் விளக்கலாம். ஒரு மாணவன் ஊர் மாறிச் செல்லும்போது விடுகைப் பத்திரத்தைக் கொண்டு செல்கிறான். ஏழாம் வகுப்பிற் சித்தியடைந்தான் என்று அதில் எழுதியிருப்பின், புதிய பாடசாலையின் அதிபர் அவனை அரிச்சுவடியிலிருந்து சோதிப்பதில்லை. காரணம், இரு பாடசாலைகளிலும் பாடத்திட்டம் ஒன்றே. பாடத்திட்டம் வேறுபட்டால் அந்தப் பத்திரத்துக்கு மதிப்பில்லை. அதுபோலவே, அளவுகோல் ஒன்றாயிருத்தலே பரஸ்பர அங்கீகாரத்தின் உயிர்நிலை. ஒரு திட்டம் கைநெகிழ்ந்து தகுதியற்றவரைத் தேர்ச்சியடையச் செய்தால், அத்தவறு மற்றெல்லாத் திட்டங்களின் வாயிலாலும் நுழைந்துவிடும். ஆதலாற் பரிசீலிப்போரும் பரிசீலனைக்கு உட்பட வேண்டியவராகின்றனர்.

இச்சான்றிதழின் எல்லைகளையும் அறிதல் அவசியம். முதலாவது, சாதாரண ஒப்பந்தகாரராகத் தேறியவர், பிறரையும் மேற்பார்வை செய்யும் தலைமை ஒப்பந்தகாரராக அதனாலேயே அங்கீகாரம் பெறமாட்டார்; பொறுப்பு வேறாதலின் பரிசீலனையும் வேறு. இரண்டாவது, சான்றிதழ் நிரந்தரமானதன்று. குறித்த தவணையிற் புதுப்பிக்கப்படல் வேண்டும். மூன்றாவதே தலையாயது. சான்றிதழ் கூறுவது அடிப்படை ஒழுங்கு உண்டு என்பதை மட்டுமே. குறித்த இந்த வேலைக்கு, இந்த இடத்தில், இந்த ஆட்களைக் கொண்டு இவர் தகுதியானவரா என்பதை வேலை கொடுப்பவரே ஆராய வேண்டும். வீட்டுச் சுவர் கட்டுவதில் வல்லவர், ஆழ்கிடங்கு வெட்டுவதிலும் வல்லவராதல் வேண்டுமென்பதில்லை. எந்தத் திட்டத்திலேனும் சேர்ந்தேயாக வேண்டுமென்று சட்டம் வற்புறுத்துவதுமில்லை. சேர்ந்துவிட்டமையால் ஒருவருடைய கடமை நீங்கிவிடுவதுமில்லை.

இவ்வெச்சரிக்கையின் பெறுமதியை ஒரு துயரம் உணர்த்துகின்றது. 2017 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆந் திகதி இலண்டனில் கிரென்ஃபெல் மாடிக் குடியிருப்புத் தீப்பற்றியதில் 72 பேர் மாண்டனர். 2024 செப்டெம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, கட்டடப் பொருள்களுக்குச் சான்று வழங்கியோரின் குறைகளையும் எடுத்துக்காட்டியது. அங்கே பேசப்பட்டது பொருள்களின் சான்று; நாம் பேசுவது ஒப்பந்தகாரரின் சான்று. எனினும் படிப்பினை ஒன்றே: ஒருவர் எழுதியதை மற்றவர் ஆராயாது நம்பினால், தாள்கள் ஒழுங்காக இருக்கும், உயிர்கள் இரா.

ஆகவே, பரஸ்பர அங்கீகாரத்தால் மிச்சமாகும் நேரத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்பதே முக்கியமான கேள்வி. அந்நேரம் சாரத்தின் முடிச்சுக்களைச் சோதிப்பதிலும், புதிதாக வந்த தொழிலாளிக்கு ஆபத்தை விளக்குவதிலும், கிடங்கின் பக்கங்களுக்கு முட்டுக் கொடுப்பதிலும் செலவாயின் ஏற்பாடு தன் பயனைத் தந்ததாகும். நாமும் வீடு கட்ட ஒருவரை அமர்த்தும்போது கூலியை மட்டும் பேசி நிறுத்தாமல், "உமது ஆட்கள் விழாதிருக்க என்ன ஒழுங்கு செய்திருக்கிறீர்?" என்றும் கேட்போமாக. அக்கேள்விக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. பிறர் உயிரில் அக்கறை இருந்தாற் போதும்.